சுவிட்ச் போட்டாச்சா?

யாரிடம் சொன்னாலும் மனப்பிரமை என்பார்கள். ஆனால் நான் தூங்கவில்லை, கனவு காணவில்லை, நடந்தது நடந்ததுதான். வேணி இதைத் தனக்குள் எத்தனை முறை சொல்லிக்கொண்டிருப்பாளோ தெரியாது.

ஸ்ரீரங்கத்தில், அவர்கள் வீட்டு மொட்டைமாடியில், அவள் கணவன் ரஞ்சித் ஒரு காற்றாலை கட்டியிருந்தான். கரண்ட் பில்லைக் குறைத்தே தீருவது என்று ஆறு மாதமாக அதே பைத்தியம். பிளாஸ்டிக் குழாயை அறுத்து மூன்று இறக்கைகள். ஏறுவதற்குப் படி வைத்த இரும்புக் கம்பம். முசிறியில் ஒரு வீட்டிலிருந்து மலிவாக வாங்கிவந்த பழைய மோட்டார். ஆடிக் காற்றில் அது சுற்றிய சுற்றுக்கு வீட்டு ஃபேனும் லைட்டும் ஓசியில் ஓடின.

கம்பத்தில் ஏறுமுன் இறக்கைகளை நிறுத்தியாக வேண்டும். அதற்கு மாடிப்படிக்கு அடியில் ஒரு சுவிட்ச். போட்டால் மோட்டார் இறுகி நின்றுவிடும். ரஞ்சித் மேலிருந்து, "சுவிட்ச் போட்டாச்சா?" என்பான். இவள் போட்டுவிட்டு, "போட்டாச்சு" என்பாள். பிறகுதான் ஏறுவான்.

"என் உசுரு உன் வாயில இருக்கு. சீரியல் பாத்துக்கிட்டே சொல்லித் தொலைக்காத" என்று சிரிப்பான்.

அவளுக்குச் சிரிப்பு வராது. ஒரு ஆளின் உயிரைத் தாங்கும் அளவுக்கு அந்த ஒற்றைச் சொல்லுக்குத் தெம்பு இருக்கிறதா என்று நினைத்துக்கொள்வாள்.

புரட்டாசி பிறந்ததும் காற்று செத்துப்போனது. ஒரு வெள்ளிக்கிழமை, மதியம் இரண்டு நாற்பது. கொடியில் ஒரு துணிகூட அசையவில்லை. வேணி பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"சுவிட்ச் போட்டாச்சா?"

மேலிருந்து குரல். கடையிலிருந்து சாப்பிட வந்தவன் நேரே மாடிக்குப் போய்விட்டான் போல. ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு போய் சுவிட்சைப் போட்டாள்.

"போட்டாச்சுங்க."

டக்... டக்... டக்... கம்பத்தில் ஏறும் சத்தம்.

பிறகு இன்னொரு சத்தம்.

விர்ர்ர்...

சுவிட்சைப் பார்த்தாள். போட்டபடியேதான் இருந்தது.

"ஏங்க... இறங்குங்க..." படிகளில் ஓடினாள்.

மாடியில் யாருமில்லை.

காற்றும் இல்லை.

இறக்கைகள் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தன...

கம்பம் ஆடியது. யாரோ பிடித்துத் தொங்குவது போல.

ரஞ்சித்துக்குப் போன் போட்டாள். இரண்டு நாற்பத்தாறு.

"எங்கங்க இருக்கீங்க?"

"கே.கே. நகர் கடையிலதான். லோடு வந்திருக்கு. சாப்பிட வரல, நீ சாப்பிடு."

மறுநாள் முசிறிக்குப் பேசினாள். மோட்டாரை விற்ற செல்லக்கிளி என்ற பெண்தான் எடுத்தாள்.

"ஸ்ரீரங்கத்துலேருந்து பேசுறேன்க்கா. உங்ககிட்ட மோட்டார் வாங்கினோம்ல..."



"அவரு குரல் கேக்குதாம்மா?"

"கேட்டுச்சுக்கா."

"எங்க வீட்டுக்காரரு அழகிரி. வாழைத் தோப்புல அவரே கட்டுன காத்தாலையோட மோட்டாரும்மா அது. சுவிட்ச் போட்டாச்சான்னு மேலேருந்து கேட்டாரு. போட்டாச்சுன்னேன். ஏறுனாரு. இறக்கை அடிச்சு விழுந்தவரு எந்திரிக்கல."

"நீங்க... சுவிட்ச்..."

"போட்டேம்மா. போட்டுட்டுத்தான் சொன்னேன். அப்புறமும் சுத்துச்சு. மூணு வருசமா சொல்றேன். நான் பொய் சொல்றேன்னுதான் ஊரே பேசுது."

வேணி எல்லாவற்றையும் ரஞ்சித்திடம் சொன்னாள். அவன் அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "காய்ச்சல் இல்லையே" என்றான். ஏறவே வேண்டாம் என்று கெஞ்சினாள். அழுதாள். ஞாயிற்றுக்கிழமை அவன் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனான்.

"மோட்டார்லதான் ஏதோ கோளாறு. கழட்டிப் பாத்துட்டு வரேன்."

வேணி படிக்கு அடியில் நின்றாள். சுவிட்சைப் போட்டாள். அணைத்தாள். மறுபடி போட்டாள்.

மேலே சத்தமே இல்லை...

"வேணி, சுவிட்ச் போட்டாச்சா?"

அவள் விரல் போட்ட சுவிட்சின் மேலேயே இருந்தது.

"இல்லங்க."

"போடேன்."

"மாட்டேங்க."