மல்லிகாவின் சாக்குக் கூடாரம்

மல்லிகா இறந்த செய்தி வந்தபோது நான் நாற்றங்காலில் குனிந்திருந்தேன். அவள் அண்ணன் வரப்பில் நின்று, "மஞ்சக்காமாலை முத்திடுச்சும்மா. விடியக்காலையில போயிட்டா" என்றார். கையிலிருந்த நாற்றைக் கீழே வைக்கக்கூட எனக்குத் தோன்றவில்லை.

கூடப் படித்த உங்களுக்கு அவளைத் தெரியும். இளம்பிள்ளை வாதத்தில் இடதுகால் சூம்பியவள், கோலூன்றி நடப்பவள். சாரணியர் முகாமுக்குக் கொள்ளிடக் கரையோரமாக நடந்து போவோம். அவரவர் சுமையை அவரவர்தான் தூக்க வேண்டும். கித்தான் கூடாரத்தைத் தலையில் வைத்துக்கொண்டு அவளால் கோலூன்ற முடியாது. ஒவ்வொரு முறையும் டிரில் டீச்சர், "அடுத்த வருஷம் பாத்துக்கலாம்மா" என்பார்.

அவள் பங்கை நான் சுமக்கிறேன் என்றதற்குச் சீறினாள். "அப்படியே என்னையும் தூக்கி வச்சுக்கயேன்! சுமையக் குறைக்க வழி சொல்லுடி."

யூரியா வந்த பிளாஸ்டிக் சாக்குகளைக் கழுவிப் பிரித்து, இருவரும் கூடாரம் தைத்தோம். முதுகில் மாட்ட ஒரு பையும் தைத்தோம். மடித்தால் தலையணை அளவுதான். ஆற்றங்கரையில் உங்கள் முன்னாலும் டீச்சர் முன்னாலும் கட்டிப் பார்த்த அன்று ஆடிக்காற்று அதைப் பிடுங்கிக்கொண்டு போனது. "புடிங்கடி, என் மாளிகை போகுது!" என்று கத்தினாள். கனம் இருந்தால்தானே நிற்கும் என்று நீங்கள் சிரித்தீர்கள். அவள் சாக்குத் துண்டுகளில் ஆற்று மணலை நிரப்பி ஓரங்களில் கட்டினாள். கூடாரம் நின்றது. "போற எடத்துல கெடக்குற கனத்தை இங்கேருந்து எதுக்குடி சுமக்கணும்?" என்றாள். டீச்சர் உள்ளே நுழைந்து உட்கார்ந்து பார்த்துவிட்டு, "நீயும் வா" என்றார்.

அந்த முகாம் நடக்கவில்லை. குறுவை அறுப்பில் கூலித் தகராறு. பண்ணையார் வெளியூர் ஆட்களை இறக்கினார். அடிதடியானது. போலீஸ் வந்து நம் பள்ளிக்கூடத்திலேயே தங்கியது. என் அப்பாவைப் பிடித்துக்கொண்டு போனார்கள். நான் படிப்பை விட்டுவிட்டு வயலுக்கு வந்தேன். முகாமைப் பொங்கலுக்குப் பிறகு என்று தள்ளிவைத்தார்கள். "அதுக்குள்ள ஆறு என்ன ஓடியா போயிடும்?" என்றவள், கார்த்திகை பிறக்கும் முன்பே போய்விட்டாள்.

அடக்கம் முடிந்த மறுநாள் டிரில் டீச்சர் வீட்டுக்குப் போனேன். வகுப்பில் 'உள்ளேன்' சொல்லவே குரல் வராதவள் நான்.

"டீச்சர், மல்லிகா எடத்த எடுத்துடாதீங்க."

"இல்லாதவளுக்கு எதுக்கும்மா எடம்?"

"ஆறாவதுல கால் வராத புள்ள ஒண்ணு சேந்திருக்கு டீச்சர். கூடாரத்த நான் தர்றேன்."

"மொதல்ல பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமா நடக்கட்டும்" என்று கதவைச் சாத்திக்கொண்டார்.

நீங்களாவது அந்தப் பிள்ளைக்காக டீச்சரிடம் கேளுங்கள். நான் பள்ளிக்கு வெளியே இருக்கிறேன், என் பேச்சு உள்ளே போகாது. மல்லிகாவிடமிருந்து எனக்கு மிஞ்சியது, இல்லை என்ற பிறகும் நகராமல் நிற்பது ஒன்றுதான். இருட்டும்வரை அந்த வாசலில் நின்றேன். கதவு திறக்கவில்லை. நாளைக்கும் போவேன்.