பச்சைத் திட்டின் அளவு

என் கணவர் சுபாஷ் ராணுவத்தில் லாரி ஓட்டினார். வீரகேரளம்புதூரில் பிறந்தவர். பிளஸ் டூ முடித்ததும் ஆள்சேர்ப்பில் ஓடித் தேறிப் போனார். சிக்கிம் மலைச்சாலைகளில் அரிசியும் மண்ணெண்ணெயும் ஏற்றிப் போவது அவர் வேலை. போன புரட்டாசியில் ஒரு மண்சரிவு லாரியையும் அவரையும் சேர்த்துக் கொண்டுபோய்விட்டது. பெட்டியை மூடியே கொண்டுவந்தார்கள். திறக்க வேண்டாம் என்றார்கள்.

பத்திரிகையில் நான்கு வரி வந்தது. வண்ணத்துப்பூச்சிகள் மேல் அவருக்கு இருந்த ஆசை அதில் இல்லை.

மலை ஏறி இறங்கியதும் லாரியின் முன்கம்பியைத் துடைப்பார். அதில் மோதிச் செத்த பூச்சிகளைப் படம் எடுத்து அனுப்புவார். நான் விலங்கியல் படித்தவள், பெயர் சொல்வேன். ஒருநாள் ஒரு கறுப்புப் பூச்சி வந்தது. பின்சிறகில் வால், அதன்மேல் நீலப்பச்சையாய் மின்னும் ஒரு திட்டு. உடனே போன்.

"ஏட்டி செல்வி, நம்ம ஐந்தருவிப் பூச்சி இங்கன வந்திருக்கு பாரு. லீவு கேக்காமலே வந்துட்டு."

"அது வேற. வடக்குத் துணையினம். நம்ம ஊருதுக்குப் பச்சைத் திட்டு பெருசா இருக்கும்."

"பூச்சியிலயும் வடக்கத்தியான் தெக்கத்தியானா? எங்க கேம்ப்ல கூட இப்படிப் பிரிக்க மாட்டாவ."

"சண்டை வேண்டாம். செத்தது ஒண்ணைப் பேப்பர்ல மடிச்சுக் கொண்டாங்க. நம்ம ஊருதையும் பக்கத்துல வச்சுப் பாப்போம்."

"நான் ஜெயிச்சா ஒரு மாசம் நீதான் டீ போடணும்."

"இப்ப மட்டும் யாரு போடுதா?"

ஆனிச் சாரலில் லீவில் வந்தார். நான் கேட்ட வடக்குப் பூச்சியைக் கொண்டுவரவில்லை. குற்றாலம் ஐந்தருவிக்குப் போனோம். வண்டிகள் நிற்கும் இடத்தில் ஒவ்வொரு வேனின் முன்னாலும் குனிந்து பார்த்துக்கொண்டே போனார்.

"என்ன அண்ணாச்சி, என் வண்டில என்ன தேடுதிய?" என்றார் ஒரு டிரைவர்.

"பூச்சி."

"காலைலயே ஊத்திட்டு வந்துட்டியளோ?"

நான் குளித்துவிட்டு வந்தபோது டீக்கடையில் நின்று சிரித்துக்கொண்டிருந்தார். "ஒண்ணும் சிக்கலை," என்றார்.

அவருடைய டிரங்குப் பெட்டி கார்த்திகையில் வந்து சேர்ந்தது. உடுப்புகளுக்கு அடியில் ஒரு சோப்பு டப்பா. அதற்குள் முக்கோணமாய் மடித்த தாள், தாளுக்குள் அதே வகைக் கறுப்புப் பூச்சி. பிடித்த இடமும் தேதியும் மடிப்பின்மேல் எழுதுவது வழக்கம். எங்கே எடுத்தது என்று தெரியாத பூச்சி எதற்கும் உதவாது என்று அவரிடமே சொல்லியிருக்கிறேன். எதுவும் எழுதவில்லை.

என் மாமியார் இசக்கியம்மாள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"இது அவன் அங்கன புடிச்சதுதான? கடைசியா அவன் இருந்த இடத்துல உள்ளதுதான? அவன் படத்துக்கிட்ட வைக்கணும், நல்லாப் பாத்துச் சொல்லு."

மகன் முகத்தைக் கடைசியாகப் பார்க்காதவர். அந்த இடத்திலிருந்து அவருக்குக் கிடைத்தது இது ஒன்றுதான். திட்டு சிறியதாக இருக்கவேண்டும் என்று வேண்டிக்கொண்டே ஸ்கேலை வைத்தேன். சுபாஷ் அனுப்பிய படங்களையும் திறந்து வைத்துப் பார்த்தேன். மறுபடி அளந்தேன். திட்டு சிறகில் அகலமாய்ப் பரவியிருந்தது. நம் தெற்கு மலைகளை விட்டு இந்தத் துணையினம் வேறெங்கும் கிடையாது. அன்று ஐந்தருவியில் ஏதோ ஒரு வேனில் எடுத்துச் சட்டைப்பையில் ஒளித்திருக்கிறார். அங்கே கொண்டுபோய், வடக்கத்தியதோடு தானே ஒப்பிட்டுப் பார்த்து, என்னைத் தோற்கடிக்க. ஒப்பிட்டாரா, என்ன கண்டார், தெரியாது. அவர் போனும் கிடைக்கவில்லை.

'ஆமாம் அத்தை' என்று சொல்லியிருந்தால் அவருக்கு நிம்மதியாக இருந்திருக்கும். என்னால் முடியவில்லை.

"இல்லத்தே. இது குத்தாலத்துல உள்ளது. இங்கயிருந்து கொண்டு போயிருக்காவ."

அவர் தாளைத் தன் பக்கம் இழுத்து, சிறகுகளையும் வாலையும் விரல் படாமல் குனிந்து பார்த்தார்.

"அம்புட்டுத் தூரம் போயிட்டு," என்றார், "இது முழுசாத் திரும்பி வந்துட்டுல்லா."