எனக்கு முன்னால் போன கார்

பேய், பிசாசு என்று யாராவது பேச்செடுத்தால் கையிலிருக்கும் ஸ்பேனரைக்கூடக் கீழே வைக்காமல் சிரிக்கிற ஆள் நான். உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஆயில் இன்ஜின், டிராக்டர் ரிப்பேர் பார்க்கும் ஷெட் வைத்திருந்தேன். ஒரு இன்ஜின் நின்றுபோனால் ஒன்று டீசல் வரவில்லை, இல்லை காற்று வரவில்லை, அதற்கு மேல் காரணம் கிடையாது என்றுதான் தொழில் கற்றுக்கொண்டேன். சுடுகாட்டை ஒட்டியிருக்கும் பம்ப்செட்டைக்கூட ஒண்டியாகப் போய்ப் பிரித்து மாட்டிவிட்டு வந்திருக்கிறேன். இதைக் கேட்டுவிட்டு நீங்கள் சிரித்தால் எனக்கு வருத்தமில்லை. உங்கள் இடத்தில் இருந்தால் நானும் சிரிப்பேன்.

எண்பதுகளின் தொடக்கம் அது. எங்கள் பக்கம் கார் என்றாலே அம்பாசடர்தான், அதுவும் அபூர்வம். ரைஸ் மில் ஜெயராமன் முதலாளியிடம் மட்டும் ஒரு ஜப்பான் கார் இருந்தது. மெட்ராஸில் வேலை பார்த்த வெளிநாட்டுக்காரர் ஒருவர் ஊருக்குத் திரும்பும்போது விற்றுவிட்டுப் போனது. தீப்பெட்டி மாதிரி சின்ன வண்டி, பெட்ரோலை மோந்து பார்த்தாலே ஓடும் என்று முதலாளி பெருமையடிப்பார். அதில் வாட்டர் பம்ப் போய்விட்டது, ஸ்பேர் எங்கேயும் கிடைக்கவில்லை, கடைசியில் மில்லுக்குப் பின்னாலிருந்த உமிக் கொட்டகையில் தள்ளி நிறுத்திவிட்டார்கள். வருஷக்கணக்கில் அங்கேயே கிடந்தது.

அவர் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானபோது என்னைக் கூப்பிட்டனுப்பினார்.

"தனசேகரு, மாப்ள அழைப்புக்கு அந்த வண்டிதான் வரணும். நீ இன்னா பண்ணுவியோ தெரியாது, ஓட வச்சிக் குடு."

"பாக்கறேன் மொதலாளி. ஆனா ஜாமான் கெடைக்காதே."

"கெடைக்கலன்னா செய்யேன்."

செய்தேன். உமியை வாரிக் கொட்டி, வண்டியை என் ஷெட்டுக்கு இழுத்துவரவே ஒரு நாள் ஆனது. ஒயரையெல்லாம் எலி தின்றிருந்தது. தரைத் தகடு துருப்பிடித்து, உட்கார்ந்தால் ரோடு தெரியும் நிலைமை, டீசல் பேரலை வெட்டி அடித்து அங்கே வெல்டிங் வைத்தேன். அம்பாசடர் வாட்டர் பம்பை வாங்கி காஞ்சிபுரத்தில் லேத்தில் கடைந்து அதற்குள் உட்கார வைத்தேன். மற்றதற்கெல்லாம் மெட்ராஸ் புதுப்பேட்டையில் பழைய இரும்புக் கடை கடையாக ஏறி இறங்கினேன். டயர் நாலும் ஒரே ஜோடியாகக் கிடைக்கவில்லை. மூன்று ஒரு மாதிரி, முன்பக்கம் இடதுபுறம் மட்டும் வரி வரியாக வேறு மாதிரி. வீட்டில் என் மனைவி மஞ்சுளா இல்லை, தலைப்பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்குப் போயிருந்தாள். அதனால் ராத்திரி பகல் என்று பார்க்காமல் அந்த வண்டியோடேயே கிடந்தேன். உண்மையைச் சொன்னால், எனக்கு அது பிடித்துப்போய்விட்டது.

இன்ஜினைக் கழற்றி மேஜைமேல் பரப்பிவைத்திருந்த சமயம் அது. காஞ்சிபுரம் பஸ்ஸில் கண்டக்டராக இருந்த துரை டீ குடிக்கப் போகிற வழியில் ஷெட்டுக்குள் தலையை நீட்டினான்.

"இன்னா தனசேகரு, வண்டி ரெடி ஆயிட்சி போல கீது. பாலாத்துப் பாலத்துல எதுக்க வந்த. கை காட்னேன், நீ திரும்பியே பாக்கல."

மேஜைமேல் கிடந்ததைக் காட்டினேன். அவன் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான்.

"நீதாம்பா ஓட்டிக்கினு வந்த. பச்ச கலரு."

வண்டி அப்போது சுரண்டி வைத்த வெறும் தகடாக நின்றது. எந்தக் கலர் அடிப்பது என்று யாரும் பேசியிருக்கவில்லை. வேறு யாரோ, வேறு எந்த வண்டியோ என்று சொல்லி அவனை அனுப்பிவைத்தேன். அடுத்த வாரம் முதலாளி வீட்டிலிருந்து பெயின்ட் டப்பா வந்தது. முதலாளி சம்சாரம் ஆசைப்பட்டு எடுத்த கலராம். திறந்து பார்த்தால் பச்சை. அப்போதும் நான் சிரித்தேன், நம்பினால் நம்புங்கள், ஆனால் சிரிப்பு முழுசாக வரவில்லை.

இன்னொன்று சொல்ல வேண்டும். எல்லாம் மாட்டி முடித்து, முதல்முதலாக ஸ்டார்ட் பண்ணலாம் என்று விடியற்காலையில் போய் ஷெட்டைத் திறந்தேன். பேனட்டில் கை வைத்தேன், சுட்டது. தூரத்திலிருந்து ஓடிவந்து நிறுத்திய வண்டி எப்படிச் சுடுமோ அப்படி. அது மார்கழி, வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. ஷெட் சாவி என் இடுப்பில் இருந்தது. நான் ஒன்றும் யோசிக்காமல் சாவியைப் போட்டுத் திருப்பினேன். அத்தனை வருஷம் செத்துக் கிடந்த இன்ஜின் ஒரே திருப்பில் பிடித்துக்கொண்டது.

மில்லுக்குக் கொண்டுபோய் களத்தில் ரெண்டு சுற்று ஓட்டிக் காட்டினேன். முதலாளி தேங்காய் உடைத்தார். வண்டியை அங்கேயே விட்டுவிட்டு, சின்னச் சின்ன வேலைகளை மட்டும் தினமும் போய்ச் செய்துகொண்டிருந்தேன். அதற்கப்புறம் ரோட்டில் ஏற்றவே இல்லை.

அப்படி ஒரு நாள் பிரேக்கைப் பார்த்துக்கொண்டிருந்தபோது மில் ஆபீஸில் போன் அடித்தது. மதியச் சாப்பாட்டு நேரம். தாமல் போஸ்ட் ஆபீஸிலிருந்து என் மச்சான் வேலு.

"மாமா, அக்காவுக்கு வலி எட்த்துக்கிச்சி. கொயந்த குறுக்க கீதாம், பெரிய ஆஸ்பத்திரிக்கு தூக்கிக்கினு போவணும்னு மருத்துவச்சி கைய விரிச்சிட்டா. இங்க ஒரு வண்டியும் இல்ல மாமா."

ரிசீவரை வைத்துவிட்டுத் திரும்பினால், முதலாளி கார் சாவியை நீட்டிக்கொண்டு நிற்கிறார். "போ" என்றார்.

உத்திரமேரூரிலிருந்து காஞ்சிபுரம், அங்கிருந்து தாமல். என் மாமியார் ஊர் தாமல் ஏரியைத் தாண்டி உள்ளே இருக்கிறது. அந்த ஊருக்குப் போக ஏரிக்கரைமேல் ஒரே ஒரு பாதைதான், ஒரு வண்டி போனால் எதிர் வண்டி கரை முடிகிற வரைக்கும் காத்திருக்க வேண்டும். நான் அதில் ஏறும்போது தூரத்து முனை வரைக்கும் காலியாகக் கிடந்தது. ஒரு பக்கம் நிறைந்த தண்ணீர், மறு பக்கம் வயல். எதிரில் மாட்டு வண்டிகூட வரவில்லை. அதை நன்றாகப் பார்த்தேன், ஏனென்றால் யாராவது எதிரில் வந்து தொலைத்துவிடக் கூடாதே என்று பதறிக்கொண்டுதான் ஓட்டினேன்.

வீட்டு வாசலில் மாமியார் துணி மூட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் முன் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்துகொண்டார்.

"சொன்ன மாதிரியே சீக்கிரம் வந்துட்டீங்க மாப்ள. போலாம்."

"மஞ்சுளா எங்க அத்தே?"

"இன்னா கேக்கறீங்க? வலி எப்பிடிக் கீது அவளுக்கு? அதுக்குள்ள ஆஸ்பத்திரில சேத்துட்டீங்களா?"

"நான் இப்பதான் வரேன். மஞ்சுளா எங்க?"

அவர் முகம் மாறியதை நான் மறக்க மாட்டேன். என்னைப் பைத்தியம் பிடித்தவனைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"நீங்கதான மாப்ள அவள தூக்கி பின்னாடி படுக்க வச்சீங்க. நான் ஏற வந்தேன், கதவ சாத்திட்டீங்க. 'நான் திரும்பி வருவேன், அப்ப நீங்க வாங்க'ன்னு சொன்னீங்களே. நீங்க போயி, நான் இந்தத் துணிய மூட்ட கட்டினேன், அவ்ளோதான்."

பக்கத்து வீட்டுப் பெண்கள் ரெண்டு பேர் அங்கேயே நின்றிருந்தார்கள், அவர்களும் ஆமாம் என்றார்கள். கார் அதேதான், பச்சை. சட்டை அதேதான், கிரீஸ் கறை உட்பட. நான் குனிந்து தரையைப் பார்த்தேன். வாசல் தெளித்த ஈர மண். என் டயர் தடத்துக்கு அடியில் இன்னொரு தடம் கிடந்தது. மூன்று சக்கரம் ஒரு மாதிரி, முன்பக்கம் இடது சக்கரம் மட்டும் வரி வரியாக. வந்து, வளைந்து, நான் வந்த அதே ஏரிக்கரைப் பாதைக்குத் திரும்பிப் போயிருந்தது.

போன் பண்ணிவிட்டுத் தாமலிலேயே வண்டி தேடி அலைந்த வேலு அப்போதுதான் சைக்கிளில் வந்து சேர்ந்தான். ஏரிக்கரையில் எந்த காரையும் அவன் பார்க்கவில்லை. என்னையும் பார்க்கவில்லை என்றான். அந்தப் பாதையில் ஒரு சைக்கிளைக்கூட நான் தாண்டிவரவில்லை. அதற்கெல்லாம் நின்று கணக்குப் பார்க்க முடியவில்லை. மாமியாரை ஏற்றிக்கொண்டு காஞ்சிபுரத்துக்குத் திருப்பினேன். அவர் வழியெல்லாம் கதவோரமாக ஒட்டி உட்கார்ந்து, அவ்வப்போது என் கையையே பார்த்துக்கொண்டு வந்தார்.

ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டு வாசலில் இருந்த நர்ஸம்மா என்னைப் பார்த்ததும், "இத்தன நேரம் எங்கய்யா போய்ட்ட? ரத்தம் குடுக்க ஆள் தேடினோம்" என்று சத்தம் போட்டார். மஞ்சுளாவை அறுவை செய்து வார்டுக்குக் கொண்டுவந்து போட்டு வெகுநேரம் ஆகியிருந்தது. பக்கத்தில் பெண் குழந்தை, குளிப்பாட்டி, துணி சுற்றி, தூங்கிக்கொண்டிருந்தது. வெயில் ஏறுவதற்கு முன்பே கொண்டுவந்துவிட்டேனாம். நானே தூக்கிக்கொண்டு வந்து கட்டிலில் போட்டேனாம்.

அப்புறம் டாக்டரம்மா வந்தார்.

"நல்ல வேளை காலையிலயே வந்தீங்க. மத்தியானம் வரைக்கும் வுட்டிருந்தா ரெண்டு பேர்ல ஒருத்தர்கூட தங்கியிருக்க மாட்டாங்க."

எனக்குப் போன் வந்ததே மதியம்தான். மாமியார் சொன்னதைப் பார்த்தாலும் மதியம்தான். அவர் என் பின்னால் நின்று அதைக் கேட்டுவிட்டுப் போய் மகள் தலைமாட்டில் உட்கார்ந்தார்.

மயக்கம் தெளிந்ததும் மஞ்சுளா என்னைப் பார்த்துச் சிரித்தாள். "இன்னா மாமா, டீ குட்சிட்டு வரேன்னு போன ஆளு, இவ்ளோ நேரமா?" என்றாள். நான் அவள் தலையைத் தடவிக்கொடுத்தேன்.

அவளிடம் நான் இன்று வரைக்கும் சொல்லவில்லை. மாமியாரும் சொல்லவில்லை, சாகிற வரைக்கும் அந்தப் பேச்சை அவர் எடுக்கவில்லை. மஞ்சுளாவைப் பொறுத்தவரை அன்று வந்தது நான்தான், அதில் அவளுக்கு சந்தேகமே கிடையாது. முதலாளி மகள் கல்யாணத்தில் மாப்பிள்ளை அந்த காரில்தான் வந்தார். அதற்கப்புறமும் அது சில வருஷம் ஓடியது, ஒரு நாளும் வழியில் நின்றதில்லை, வேறு விசேஷமும் இல்லை. பிறகு யாரோ வேலூர் பக்கம் வாங்கிக்கொண்டு போனார்கள். அங்கே ஒரு லாரி ஷெட்டில் அது துண்டு துண்டாக வெட்டிக் கிடந்ததை நான் என் கண்ணால் பார்த்தேன். நான் அடித்த டீசல் பேரல் தகட்டை வைத்துத்தான் அடையாளம் தெரிந்தது. அன்றைக்கு மனசு லேசானது.

இதெல்லாம் பழைய கதை, இதோடு விட்டிருந்தால் உங்களிடம் சொல்லியிருக்கவே மாட்டேன். பேத்திக்குப் பெயர் வைத்த அன்று எல்லோரும் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தோம். மஞ்சுளா மகளிடம் அவள் பிறந்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"வழியெல்லாம் உங்கப்பாதான் பேசிக்கினே வந்துச்சி. எனக்கு சாவு பயம். 'அயுவாத, இன்னிக்கு உன்ன வுட்டுட்டுதான் போறேன். இன்னொரு நாள் வருவேன், அன்னிக்கு கூட்டிக்கினு போறேன்'னு சொல்லிச்சி. எங்கன்னு கேட்டேன், சொல்லல. அது அப்பிடிப் பேசினத அதுக்கு முன்னாலயும் நான் கேட்டதில்ல, பின்னாலயும் கேட்டதில்ல." பிறகு என்னைப் பார்த்துத் திரும்பி, "எங்கயோ கூட்டிக்கினு போறேன்னு சொன்னியே மாமா, இன்னும் கூட்டிக்கினு போவல நீ" என்று சிரித்தாள்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன்.

போன மாதம் மருந்து வாங்கக் காஞ்சிபுரம் போய்விட்டு மதியம் பஸ்ஸில் திரும்பினேன். தெருமுனையில் திரும்பும்போதே பார்த்துவிட்டேன். மஞ்சுளா பட்டுப் புடவை கட்டி, தலையில் பூ வைத்து, வீட்டைப் பூட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறாள். நான் நடந்து வருவதைப் பார்த்து அவளுக்கு ஒரே குழப்பம்.

"இன்னா மாமா, அந்தப் பக்கத்துலேர்ந்து நடந்து வர? கார திருப்பிக்கினு வரேன், பொடவ மாத்திக்கினு நில்லுன்னு இப்பதான சொல்லிட்டுப் போன?"

எந்த கார் என்று நான் கேட்கவில்லை. பூட்டைத் திறந்து, அவள் கையைப் பிடித்து உள்ளே இழுத்து, கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன். தெருவில் ஏதோ ஒரு வண்டி வந்து நின்ற சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது, பிறகு போய்விட்டது. நான் ஜன்னலைத் திறந்து பார்க்கவில்லை.

அதற்கப்புறம் அவளைத் தனியாக விட்டுவிட்டு நான் எங்கேயும் போவதில்லை. இன்றைக்கு மகள் வந்து கூட உட்கார்ந்திருக்கிறாள், அதனால்தான் உங்களோடு இவ்வளவு நேரம் பேச முடிந்தது. நான் வந்து கூப்பிட்டால்கூட அம்மாவை வெளியே அனுப்பாதே என்று அவளிடம் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.