என் மனைவி ஏறிய சரிவு

கல்யாணமாகிப் பதினோரு வருடங்களில் என் மனைவி ஓடி நான் பார்த்ததில்லை. ஓட்டமெல்லாம் என் இலாகா. காரைக்கால் கடற்கரைச் சாலையில் தினமும் விடியலில் ஐந்து கிலோமீட்டர் ஓடுவேன். அதை அலுவலகத்தில் நாலு பேரிடம் சொல்லவும் செய்வேன். உத்தராகண்ட் மலையில் ஒரு வாரம் பனிச்சறுக்குப் பயிற்சி தருகிறார்கள் என்று தெரிந்ததும் இருவர் பெயரையும் பதிந்தவன் நான்தான். அவள் எனக்குத் துணையாக வருகிறாள் என்பதுதான் என் எண்ணம்.

அவள் அரசுப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பு ஆசிரியை. விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, சுரக்குடியில் அவள் வீட்டுக்குச் சொல்லிக்கொள்ளப் போனோம். அறுவடை நடந்துகொண்டிருந்தது. மாமனார் வயலிலிருந்து ஏறி வந்தார்.

“வரப்புல சறுக்குறது போதாதா மாப்ளே? அவ்வளவு தூரம் போயா சறுக்கணும்?”

நான் பதில் யோசிப்பதற்குள் அவள் சொன்னாள்: “அங்க சறுக்குனா சேறு ஒட்டாதுப்பா.”

பயிற்சியின் முதல் நாள் காலை, ஒரு தகரக் கொட்டகையில் எங்களுக்கு பூட்ஸ் கொடுத்தார்கள். கணுக்காலை அசைக்கவே விடாத கனமான பிளாஸ்டிக் பூட்ஸ். அதை ஆள் உயரத்துக்குச் சற்றுக் குறைவான இரண்டு பலகைகளில் மாட்டிக்கொள்ள வேண்டும். கைகளில் ஊன்றிக்கொள்ள இரண்டு கழிகள். வெளியே வந்தபோது வெயில் பனியில் பட்டுக் கண்ணைக் கூசவைத்தது. வயல் வரப்பில் வளர்ந்தவளாயிற்றே, இதெல்லாம் சுலபமாக வந்துவிடும் என்று நினைத்துக் கேட்டேன்.

“எப்படி இருக்கு?”

“வரப்புல கட்டைவிரல ஊனி நடப்போம். இதுல எனக்கு விரலே இல்லாத மாதிரி இருக்குங்க.”

எங்களுக்குக் கற்றுத் தந்தவர் அந்த மலைப்பக்கத்துப் பெண். இருபத்துமூன்று வயதுதான் இருக்கும். இந்தியில் பேசினார். எனக்கு அரைகுறையாகப் புரிந்தது, என் மனைவிக்கு ஒரு சொல்லும் தெரியாது. அவர் முதலில் கற்றுத்தந்தது, எப்படி விழுவது என்பதை. பக்கவாட்டில் சாய்ந்து விழ வேண்டும், பிறகு பலகைகளைச் சரிவுக்குக் குறுக்கே திருப்பி, கையை ஊன்றி எழ வேண்டும். பன்னிரண்டு பேரில் பெரும்பாலோர் பாதி விழுந்து பாதி தொங்கினோம். அவள் மட்டும் நெல் மூட்டை சரிவது போலத் தொப்பென்று விழுந்தாள். சிரித்தாள். எழுந்து நின்று, யாரும் சொல்லாமலே இன்னொரு முறை விழுந்தாள்.

“அடி படலையா?” என்றேன்.

“மெத்து மெத்துன்னு இருக்கு. நீங்களும் விழுந்து பாருங்களேன்.”

நான் விழவில்லை. விழாமல் நிற்பதுதான் திறமை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அடுத்து, சரிவில் ஏறப் பழக்கினார். பலகைகளைக் குறுக்கே வைத்து, நண்டு போலப் பக்கவாட்டில் அடிமேல் அடி வைத்து ஏற வேண்டும். இருபது அடி ஏறுவதற்குள் எனக்குத் தொடை நடுங்கியது. வேறொரு மாநிலத்திலிருந்து வந்த கனத்த மனிதர் ஒருவர் வேகவேகமாக ஏறி எங்கள் எல்லோரையும் தாண்டிப் போனார். ஐம்பது வயதிருக்கும். மேலே போய்த் திரும்பிக் கீழே பார்த்ததும் அவருக்குத் தலை சுற்றியிருக்க வேண்டும். உட்கார்ந்துவிட்டார். பலகைகள் ஒன்றின்மேல் ஒன்று சிக்கிக்கொண்டன. எழவும் முடியவில்லை, சறுக்கவும் பயம். ஏதோ சொல்லிக் கத்தினார், அழுகை போல இருந்தது.

பயிற்சியாளரோ அடிவாரத்தில், முழங்கால் பிசகிய ஒரு மாணவிக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். அங்கிருந்தே கையைக் காட்டி, அசையாமல் இருக்கச் சொன்னார்.

மேலே சிக்கிக்கொண்ட அந்த மனிதருக்கு மிக அருகில் இருந்தவன் நான். பதினைந்து அடிதான் இருக்கும். இரண்டு கழிகளையும் பனியில் குத்தி, இறுகப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

எனக்குக் கீழே இருந்த அவள் ஏற ஆரம்பித்தாள். இரண்டு முறை விழுந்தாள். இரண்டு முறையும் காலையில் பழகியது போலவே பலகைகளைத் திருப்பி, கையை ஊன்றி எழுந்தாள். என்னைத் தாண்டும்போது அவளுக்கு மூச்சு வாங்கியது, ஆனாலும் நிற்காமல் ஏறினாள். அவரை அடைந்து, அவருக்குக் கீழ்ப்பக்கமாகத் தன் பலகைகளை அண்டை கொடுத்து நின்றாள். சிக்கியிருந்த அவர் காலை மெதுவாகப் பிரித்தாள். பிறகு தமிழில் பேசத் தொடங்கினாள். முதல் நாள் வகுப்பில் அம்மாவைத் தேடி அழும் பிள்ளைகளிடம் பேசும் குரல் அது.

“ஒண்ணுமில்ல சார். கீழ பாக்காதீங்க, என்னையப் பாருங்க. இந்தக் கால இங்க வைங்க. ஒண்ணு. இப்ப அந்தக் காலு. ரெண்டு.”

அவருக்கு ஒரு சொல்லும் புரிந்திருக்காது. ஆனாலும் அவள் காட்டிய இடத்தில் காலை வைத்தார். பக்கவாட்டில், அடியடியாக, இருவரும் இறங்கி வந்தார்கள். பாதி தூரத்தில் அவரே “ஒண்ணு, ரெண்டு” என்று உரக்கச் சொல்லிக்கொண்டு வந்தார். கீழே எல்லோரும் கை தட்டினார்கள். பயிற்சியாளர் ஓடிவந்து அவளைத் தோளோடு அணைத்துக்கொண்டு இந்தியில் படபடவென்று என்னவோ சொன்னார். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

“என்னங்க சொல்றாங்க?”

“இனிமே இப்படித் தனியா ஏறக் கூடாதாம். ஆனா நாளையிலேருந்து உன்னை அடுத்த குழுவுல சேக்கப் போறாங்களாம்.”

“நீங்க?”

“நான் இங்கயேதான்.”

சாயங்காலம் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து அவளுடைய பூட்ஸைக் கழற்றிவிட்டேன். கணுக்கால் முழுவதும் சிவந்து கன்றியிருந்தது. வலிக்கிறது என்று அதுவரை ஒரு வார்த்தை சொல்லவில்லை. என்னால் மனசுக்குள் வைத்துக்கொள்ள முடியவில்லை.

“அந்த ஆளுக்குப் பக்கத்துல நான்தான் இருந்தேன்.”

“பாத்தேன்.”

“கால் நகரல.”

அவள் டீயை ஊதிக் குடித்தாள். “நகந்திருந்தா ரெண்டு பேர எறக்கியிருக்கணும். நல்லவேளை, நின்னீங்க.”

கேலி மாதிரி தெரியவில்லை. நான் நின்றதும் அவளுக்கு ஓர் உதவிதான் என்று உண்மையாகவே நினைத்துச் சொன்னாள். பதினோரு வருடமாக இவளுடன் வாழ்ந்தும் இவள் எவ்வளவு பெரிய ஆள் என்று தெரியாமல் இருந்திருக்கிறேனே என்று எனக்கு வெட்கமாக இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது.

அந்த வாரக் கடைசியில் அவள் சரிவின் உச்சியிலிருந்து வளைந்து வளைந்து சறுக்கி வந்தாள். நான் பாதியிலிருந்து வந்தேன், வழியில் நான்கு முறை விழுந்து.