காய்ந்த மாம்பழமும் அம்மாவின் சம்படமும்

மாம்பழத்தைப் பார்த்தாலே எனக்கு இப்போது எரிச்சல் வருகிறது. ராஜபாளையத்தில் இருந்துகொண்டு இப்படிச் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். வெளியூர்க்காரர்கள் சப்பட்டை மாம்பழம் எங்கே கிடைக்கும் என்று விசாரித்து வாங்கிப் போகிறார்கள். அவர்களிடம் ஆளுக்கு ஒரு கூடையைச் சும்மாவே கொடுத்து அனுப்ப பஸ் ஸ்டாண்டில் போய் நிற்கலாமா என்றுகூட யோசித்திருக்கிறேன். ஆனால் இந்த எரிச்சலில் பாதிதான் மாம்பழத்தின் மேல். மீதி, ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கும் என் அக்காவின் மேல்.

மலையடிவாரத்தில் எங்களுக்குக் கொஞ்சம் தோப்பு இருக்கிறது. என் வீட்டுக்காரர் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று வந்த பிறகு மரங்களை வரிசையாக எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் காலையில் காபி குடிக்கிறார். நல்ல பழத்தையெல்லாம் வியாபாரி எடுத்துக்கொண்டு போய்விடுவார். காற்றில் விழுந்தது, கீறல் பட்டது, ஒரு பக்கம் அழுந்தியது எல்லாம் சாக்கோடு என் சமையலறைக்கு வரும். "ஒண்ணும் வீணாகக் கூடாது" என்று சொல்லி இறக்கி வைத்துவிட்டு அவர் டிவி பார்க்கப் போய்விடுவார்.

இதைப் பெங்களூரில் இருக்கும் மகனிடம் போனில் புலம்பித் தொலைத்தேன். அடுத்த வாரமே வீட்டு வாசலில் ஒரு பெட்டி வந்து இறங்கியது. டீஹைட்ரேட்டராம். உள்ளே அடுக்கடுக்காக வலைத்தட்டு, பின்னால் ஒரு ஃபேன். பழத்தைச் சீவி அடுக்கிச் சூட்டை வைத்துவிட்டால் அதுபாட்டுக்குக் காய்ந்துவிடும், உனக்கு ஒரு வேலையும் இல்லை என்றான் மகன். அவன் பிறந்ததிலிருந்து ஒரு மாம்பழத்துக்குத் தோல் சீவியவன் இல்லை.

என்ன வேலை என்று நான் சொல்கிறேன். நன்றாகப் பழுத்த சப்பட்டை கையில் நிற்காது. சாறு முழங்கை வழியாக வடிந்து சேலையெல்லாம் பிசுபிசுக்கும். துண்டெல்லாம் ஒரே தடிமனில் இருக்கவேண்டும். மெல்லிசாகப் போனால் அப்பளம்போல நொறுங்கிவிடும். தடிமனாகப் போனால் வெளியே காய்ந்து நடுவில் ஈரம் நிற்கும், டப்பாவில் போட்டால் பூசணம் பிடிக்கும். மேல்தட்டைக் கீழேயும் கீழ்த்தட்டை மேலேயும் மாற்றிக்கொண்டே இருக்கவேண்டும். பாதியில் கரண்ட் போகும். கரண்ட் இருந்தாலும் வீட்டுக்காரர் போகும்போதும் வரும்போதும் கதவைத் திறந்து ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டு, "இன்னும் காயல" என்று தீர்ப்புச் சொல்லுவார். கதவைத் திறந்தால் சூடு போகிறது, அதனால்தான் காயவில்லை என்று எத்தனை தடவை சொன்னாலும் அவர் காதில் ஏறாது.

எதிர்வீட்டு மதினி வேறு. அவர்கள் வீட்டில் தெலுங்கு பேசுவார்கள். "வெளிய வெயிலு இந்தக் கொளுத்து கொளுத்துது, மாடில காயப் போடாம கரண்டுல காயப் போடுதீகளே" என்றார் முதல் நாள். ஒரு துண்டு வாயில் போட்டதும் மருமகளைப் பார்த்து "பாகுந்தி" என்று தலையாட்டினார், நன்றாக இருக்கிறதாம். மறுநாள் அவர்கள் வீட்டுப் பழம் ஒரு கூடை என் வாசலுக்கு வந்தது, காய வைத்துத் தரச் சொல்லி.

இதுகூடப் பரவாயில்லை. உண்மையான தொந்தரவு டப்பாவில்தான் இருந்தது. ஒரு சாக்குப் பழம் காய்ந்து சுருங்கினால் சில டப்பாக்களில் அடங்கிவிடுகிறது. சரி, கொடுத்துத் தீர்த்துவிடலாம் என்று பக்கத்து வீடு, தளவாய்புரத்து நாத்தனார், வீட்டுக்காரரோடு பட்டாளத்தில் இருந்தவர்கள் என்று எல்லோருக்கும் கொடுத்தேன். எங்கள் பக்கத்தில் ஒரு பழக்கம் உண்டு. ஒரு வீட்டிலிருந்து பாத்திரம் வந்தால் அதை வெறுமனே திருப்பி அனுப்பமாட்டார்கள். கொஞ்சம் சீனியாவது போட்டுத்தான் கொடுப்பார்கள். மாம்பழக் காலத்தில் யார் வீட்டில் என்ன இருக்கும்? டப்பா திரும்பி வந்தது, கூடவே ஒரு பை மாம்பழமும் வந்தது. நான் கொடுக்கக் கொடுக்க வீட்டில் பழம் கூடிக்கொண்டே போனது. நாத்தனார் அனுப்பிய பையைத் தூக்கவே ஆள் தேவைப்பட்டது.

ஊரிலிருந்த டப்பாவெல்லாம் இப்படிப் பழத்தோடு திரும்பி வந்துகொண்டிருக்க, ஒன்று மட்டும் வரவில்லை. அக்காவுக்குக் கொடுத்தனுப்பியது.

அக்கா என்னோடு பேசி ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. எங்கள் புதுவீட்டுப் பால்காய்ப்புக்குப் பத்திரிகை கொடுக்க நானும் வீட்டுக்காரரும் ஸ்ரீவில்லிபுத்தூர் போயிருந்தோம். ரத வீதிக்குப் பின்னால் இருக்கும் அவள் வீடு பூட்டியிருந்தது. போனை எடுக்கவில்லை. இன்னும் பல வீடு பாக்கி, இவர் வேறு வண்டியை அணைக்காமலே நிற்கிறார். பத்திரிகையைக் கேட் கம்பியில் சொருகிவிட்டு வந்தோம். சாயங்காலம் போனிலும் சொன்னேன். அவள் சொன்னது ஒரே வார்த்தைதான். "கேபிள்காரன் பில்லைச் சொருகிட்டுப் போற மாதிரி போயிருக்க." பால்காய்ப்புக்கு வரவில்லை. அதற்குப் பிறகு போனையும் எடுப்பதில்லை. அந்த நேரம் அவள் கோயிலுக்குப் போயிருந்தாளாம். கோயிலுக்குப் போனவளை நான் எப்படித் தேடிப் பிடிப்பது? இன்றைக்கும் அதில் என் தப்பு என்ன என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் அம்மாவும் அப்பாவும் போன பிறகு பிறந்த வீடு என்று எனக்கு இருப்பது அவள் ஒருத்திதான். எரிச்சல்பட்டுக்கொண்டே ஒரு வருஷமாக அவள் போனுக்குக் காத்திருந்தேன்.

அதனால்தான் அந்தப் பாத்திரத்தை யோசித்து எடுத்தேன். மற்றவர்களுக்கெல்லாம் பிளாஸ்டிக் டப்பா. அக்காவுக்கு மட்டும் அம்மாவின் எவர்சில்வர் சம்படம், மூடியில் அம்மா பேர் வெட்டியது. பிளாஸ்டிக் என்றால் மூலையில் போட்டுவிடுவாள். அம்மாவின் சம்படம் என்றால் திருப்பித் தந்துதான் ஆகவேண்டும். தரும்போது வெறுமனே தரமுடியாது. எதையாவது போட்டு அனுப்பினால் சமாதானம். வெறுமனே அனுப்பினால் எல்லாம் முடிந்தது என்று நானும் விட்டுவிடுவேன். எனக்கே என் புத்தியை மெச்சிக்கொள்ளத் தோன்றியது.

எரிந்துபோன தோப்பு மோட்டாருக்குப் புதுக் காயில் கட்ட ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கடையில் கொடுத்திருந்தார் இவர். அவர் கையில் கொடுத்தனுப்பினேன். திரும்பி வந்ததும், "அக்கா என்ன சொன்னா?" என்று கேட்டேன்.

"காபி போட்டுக் குடுத்தாவ. நல்லா இருந்துச்சு."

"சம்படத்தை வாங்கிட்டு என்ன சொன்னா?"

"வைங்கன்னாவ. வச்சேன்."

மோட்டார்க்காரர் எங்கள் நல்ல நேரத்துக்கு வேலையை இழுத்துக்கொண்டே போனார். அடுத்த தடவை போனவரிடம் சம்படத்தைக் கேட்டு வாங்கி வாருங்கள் என்று சொல்லி அனுப்பினேன். வெறுங்கையோடு வந்து நின்றார். ஒப்பிக்கிற மாதிரி சொன்னார்: "மூடில அம்மா பேருதான வெட்டியிருக்கு, அவ பேரா வெட்டியிருக்குன்னு கேட்டாவ."

எனக்கு வந்த கோபத்தில் அன்றைக்கு அடுக்கிய தட்டெல்லாம் கோணல்மாணல். நான் போட்ட கணக்கில் இது ஒன்று விட்டுப்போயிருந்தது. பாத்திரம் நிறைந்து வரலாம், வெறுமனே வரலாம் என்று யோசித்த எனக்கு, வராமலே போகலாம் என்று தோன்றவில்லை. அவளுக்கும் அது அம்மாதானே. சண்டையும் தீரவில்லை, சம்படமும் போனது. இவர் மட்டும் கதவைத் திறந்து ஒரு துண்டைத் தின்றுவிட்டு, "இன்னும் காயல" என்றார்.

மோட்டார் ஒருவழியாகக் கட்டி முடிந்த அன்று மத்தியானம் இவர் வீட்டுக்குள் நுழைந்த கோலத்தைப் பார்த்து எதிர்வீட்டு மதினியே வெளியே வந்துவிட்டார். சட்டை, வேட்டி, வண்டி எல்லாம் மஞ்சள் சாறு. கையில் அம்மாவின் சம்படம், விளிம்பில் வடிந்துகொண்டு.

திறந்து பார்த்தேன். உள்ளே மாம்பழம், தோல் சீவி வெட்டியது. எல்லாத் துண்டும் ஒரே தடிமன். பாதிக்கு உப்பும் மிளகாய்த்தூளும் தடவியிருந்தாள், அதுதான் அத்தனை தண்ணீரும் விட்டிருந்தது.

"என்னங்க இது?"

"நீ அனுப்பினது நடுவுல ஈரமா இருந்துச்சாம். அவளுக்கு வெட்டத் தெரியல, நான் வெட்டித் தாரேன், மிஷின்ல போட்டு எடுக்கட்டும்னாவ." செருப்பைக் கழற்றிவிட்டு மீதியைச் சொன்னார். "காஞ்ச பொறவு உங்ககிட்டக் குடுத்து விடக் கூடாது, அவளே கொண்டாரணும்னாவ. அக்கா வீட்டுல இல்லன்னா வர்ற வரைக்கும் நீ வாசல்ல உக்காந்திருக்கணுமாம்."

கேட்டதும் என்னென்னவோ திட்டத் தோன்றியது. திட்டுவதற்கு நேரமில்லை, துண்டெல்லாம் கூழாவதற்குள் தட்டில் ஏற்றவேண்டும். கண்ணில் வந்த தண்ணீருக்கு மிளகாய்த்தூள்தான் காரணம் என்று இவரிடம் சொன்னேன். அன்றைக்கு அவரைச் சமையலறைப் பக்கமே விடவில்லை.

துண்டுகள் தோல்போல மடங்கும் பதத்துக்கு வந்ததும் சம்படத்தில் போட்டேன். வருகிறேன் என்று அக்காவுக்குப் போன் செய்தேன், இந்தத் தடவை எடுத்தாள். சம்படத்தை மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். புறப்படும்போதே எனக்குத் தெரியும். அப்படியேதான் இருந்தது. கேட்டில் பூட்டு. பக்கத்து வீட்டுப் பெண் எட்டிப் பார்த்து, "இப்பத்தான் கோயிலுக்குப் போனாவ, ஒங்க போன் வந்த பொறவுதான் கெளம்புனாவ" என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள்.

படியில் உட்கார்ந்தேன். நல்ல வெயில். இந்த வயதில் நடுத்தெருவில் சம்படத்தோடு உட்காரவைத்துவிட்டாளே என்று எழுந்து போய்விடலாமா என்று பலதடவை நினைத்தேன். பக்கத்திலேயே கேட் கம்பி. பத்திரிகையைச் சொருகிய இடம்தான்.

கடைசியில் தெருமுனையில் வந்தாள். இளைத்திருந்தாள். ஒன்றும் அவசரப்படாமல் நடந்து வந்து என் முன்னால் நின்றாள்.

"அன்னைக்கும் இப்படிச் செத்த நேரம் உக்காந்திருந்தா என்ன, ஏட்டி?"

இருந்திருக்கலாம்தான் என்று அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவள் பூட்டைத் திறந்தாள். உள்ளே போனதும் சம்படத்தைத் திறந்து, உப்புப் போட்டதில் ஒன்றை எடுத்து மென்றாள். "நீ மொதல்ல அனுப்புனதுல என்ன கொறைன்னு இப்பத் தெரியுதா ஒனக்கு" என்றாள். காபி போட்டாள். ஒரு வருஷத்துக் கதை முழுவதையும் அவளே பேசினாள், அவளுக்கு முழங்கால் வலி வந்தது உட்பட. என்னை இடையில் ஒரு வார்த்தை சொல்ல விடவில்லை.

புறப்படும்போது ஒரு பெரிய பை நிறைய மாம்பழத்தைக் கையில் கொடுத்தாள். தூக்கவே முடியவில்லை.

"அக்கா, சம்படம்?"

"அது இங்கன கெடக்கட்டும். பொறவு வந்து வாங்கிக்க."