வாரேன் என்று சொல்லாத தம்பி

நானும் என் வீட்டுக்காரரும் திண்டுக்கல்லில் பிரீசர் பெட்டி வாடகைக்கு விடுகிறோம். செத்தவரைக் கிடத்தி வைக்கிற கண்ணாடிப் பெட்டி. எங்களிடம் இரண்டு இருக்கின்றன. அவர் வேன் ஓட்டுவார், நான் போன் எடுப்பேன், பெட்டியோடு கூடவும் போவேன். இதை இப்படி நேராகச் சொன்னால் எதிரில் இருப்பவர்களுக்கு முகம் கோணும். கோணட்டும்.

வாரத்தில் ஒரு காலை, பைபாஸ் பக்கம் ஒரு ஓட்டல் மாடியில் ஊர் வியாபாரிகள் கூடுவோம். பொங்கல், வடை, காபி. ஒவ்வொருவரும் எழுந்து தன் தொழிலைப் பற்றி நாலு வார்த்தை சொல்ல வேண்டும், ஒருவருக்கொருவர் ஆள் பிடித்துக் கொடுக்க வேண்டும். என் வீட்டுக்காரருக்கு நாலு பேர் முன்னால் வாய் வராது, அதனால் நான் போகிறேன். நான் எழுந்து நின்றதும் கூட்டம் வடையைப் பார்க்கும். கார்டு கொடுத்தால் வாங்குவார்கள், பையில் வைக்க மாட்டார்கள். காபி டம்ளருக்கு அடியில் செருகிவிட்டுப் போவார்கள். என் நம்பரைப் போனில் போட்டு வைத்தால் அது வீட்டுக்கே வந்துவிடும் என்று பயம். பிறகு வீட்டில் ஒன்று நடந்ததும் நம்பருக்கு ஊரெல்லாம் அலைவார்கள்.

அப்படி அலைகிறவர்கள் கடைசியில் ஃப்ளெக்ஸ் கடைத் தம்பியிடம் கேட்பார்கள். அவனும் எங்கள் கூட்டத்து ஆள்தான். காதுகுத்து, கல்யாணம், திருவிழா, கண்ணீர் அஞ்சலி, எல்லாவற்றுக்கும் பேனர் அவன் கடையில்தான். ஒரு சாவு என்றால் எங்கள் இரண்டு பேர் போனும் ஒன்றாக அடிக்கும். ஆனால் அவன் கார்டை எல்லோரும் பையில் வைத்துக்கொள்வார்கள்.

ஒருமுறை நாசூக்காகப் பேசச் சொல்லிக்கொடுக்க மதுரையிலிருந்து ஒருவரை வரவழைத்தார்கள். சாதி, கட்சி, சாமி, நோய், சாவு எதையும் இந்த மாதிரி இடத்தில் தொடக்கூடாது என்றார். யாராவது சங்கடப்பட்டால் உடனே பேச்சை மாற்றிவிட வேண்டுமாம்.

"அப்ப நான் என்னத்த சார் பேசுறது? வெயிலப் பத்தியா?" என்று கேட்டேன்.

எல்லோரும் சிரித்தார்கள். "இறுதிச் சேவைன்னு சொல்லலாம் மேடம்" என்றார் அவர்.

"பெட்டின்னு சொன்னாத்தான் சார் பெட்டி வரும்."

அந்த வகுப்பு முடிந்து கொஞ்ச நாளில் ஃப்ளெக்ஸ் கடைத் தம்பியின் பெண்டாட்டி செத்துப்போனாள். மூளையில் ஏதோ, இரண்டு நாளில் முடிந்துவிட்டது. பிள்ளை இல்லை. எங்கள் பெட்டிதான் போனது. பேனரை அவனே உட்கார்ந்து அடித்தான். கூட்டத்து ஆட்கள் எல்லோரும் மாலையோடு வந்து நின்றார்கள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து அவன் மறுபடி கூட்டத்துக்கு வந்தான். கூட்டத்துக்குத் தலைவர் ஒரு சிமெண்ட் வியாபாரி. "வாங்க தம்பி, பிசினஸ் எப்படிப் போகுது?" என்றார். "நல்லாப் போகுதுண்ணே" என்றான். அவ்வளவுதான். படித்த பாடத்தை அத்தனை பேரும் ஒழுங்காகக் கடைப்பிடித்தார்கள். அவளைப் பற்றி ஒரு வாய் ஒரு சொல் பேசவில்லை. வாரா வாரம் அவனிடம் மழை, ஜிஎஸ்டி, பைபாஸ் வேலை. அவள் ஒருத்தி இருந்ததே இல்லை என்கிற மாதிரி.

கொஞ்ச நாளில் நான் ஒன்றைக் கவனித்தேன். அவன் போகும்போது சொல்லிக்கொள்வதில்லை.

எங்கள் ஊரில் பெட்டிக்கடையில் பாக்கு வாங்கினவன்கூட "வாரேன்" என்றுதான் போவான். ஒரே ஒரு இடத்தில்தான் சொல்லக்கூடாது. சாவு வீட்டில். அங்கே யாரிடமும் சொல்லாமல், திரும்பிப் பார்க்காமல் எழுந்து போய்விட வேண்டும். நான் தினமும் அப்படிப் போகிறவள், எனக்குத் தெரியும் அந்த நடை. இவன் ஓட்டல் மாடியில், கரண்டிச் சத்தத்துக்கும் சிரிப்புக்கும் நடுவில், அந்த நடை நடந்து போவான். நாற்காலி நகர்கிற சத்தம்கூடக் கேட்காது. திரும்பிப் பார்த்தால் இடம் காலியாக இருக்கும்.

அப்புறம் கேள்விகள். என் பக்கத்தில் உட்கார்ந்து, தட்டைப் பார்த்தபடி கேட்பான்.

"அக்கா, அந்தப் பெட்டி இன்னும் ஓடுதா?"

"எந்தப் பெட்டி?"

"கண்ணாடி ஓரத்துல கீறல் இருக்குமே."

அவள் படுத்திருந்த பெட்டி. ஓடுகிறது என்றேன். இந்த வாரம் எங்கே போனது என்று கேட்டான். கொடைரோடு என்றேன். தலையை ஆட்டினான், ஊருக்குப் போன சொந்தக்காரர் போய்ச் சேர்ந்த செய்தியைக் கேட்டவன் மாதிரி. அடுத்த வாரம் மறுபடி கேட்டான். பிறகு ஒரு நாள், "அஞ்சே முக்கால் அடி ஆளு அதுல காலை நீட்டிப் படுக்கலாமா அக்கா?" என்றான்.

"ஆறடி ஆளே படுக்கலாம். ஏன், யாருக்கு?"

"சும்மா, கஸ்டமர் கேட்டாங்க."

எந்த வீட்டிலும் உயரம் கேட்டுப் பெட்டி எடுக்க மாட்டார்கள். அவன் எழுந்தபோது பார்த்தேன். அவன் உயரம் அதுதான்.

அதற்கு அடுத்த வாரம் அவன் முறை. திரையில் தன் வேலைகளைக் காட்ட வேண்டும். லேப்டாப்பைச் செருகிப் படங்களைத் தள்ளிக்கொண்டே போனான். மணமக்கள், காதுகுத்துக் குழந்தை, அம்மன். பிறகு ஒரு கண்ணீர் அஞ்சலி. வெளிர்நீல வானம், இரண்டு பக்கமும் குத்துவிளக்கு. நடுவில் வெள்ளைச் சட்டை போட்டு அவன்.

தோற்றம் என்ற இடத்தில் தேதி இருந்தது. மறைவு என்ற இடம் காலி.

பிறகு சிமெண்ட்காரர் கெக்கெக்கே என்று சிரித்தார். "ஏப்பா, மாதிரிக்கு வேற ஆளே கிடைக்கலையா? ஒம்மூஞ்சியையே வச்சுட்ட!"

"ஃப்ரீ மாடல்ண்ணே" என்றான் அவன். சிரித்தான். கூட்டமே சிரித்தது. படம் மாறியது, அடுத்தது ஏதோ பள்ளி ஆண்டு விழா.

நான் சிரிக்கவில்லை. அவன்தான் எப்போதோ எனக்குச் சொல்லியிருக்கிறான், உயிரோடு இருக்கிற ஆளின் படத்தை அந்தச் சட்டத்துக்குள் வைக்கவே மாட்டோம் அக்கா, மாதிரிக்கு ஒரு ரோஜாப்பூதான் வைப்போம் என்று. அந்த நீல வானமும் எனக்குத் தெரிந்தது. அவள் பேனரில் இருந்த அதே வானம்.

வழக்கம்போல அவன் சொல்லாமல் எழுந்தான். நான் எச்சில் கையோடு பின்னால் போனேன். கை கழுவுகிற இடத்தில் நின்றிருந்தான்.

"தம்பி, சாகப் போறியா?"

குழாயில் தண்ணீர் போய்க்கொண்டே இருந்தது. அவன் மூடவில்லை. கண்ணாடியில் என்னைப் பார்த்தான்.

"காலங்காத்தால என்னக்கா பேச்சு இது."

"கேட்டதுக்குப் பதில் சொல்லு."

அதற்குள் சிமெண்ட்காரர் கை கழுவ வந்துவிட்டார். "என்னம்மா, தனியா டீலிங்கா?"

"அண்ணே, நீங்க கீழ போய்க் கழுவுங்க."

என் முகத்தைப் பார்த்துவிட்டு மனிதர் கையை மடக்கிக்கொண்டு போனார்.

தம்பி குழாயை மூடினான். பிறகு மெல்லச் சொன்னான். "அவ பேர ஒருத்தரும் சொல்றதில்லக்கா. நான் மட்டும்தான் சொல்றேன். வீட்டுக்குள்ள, சத்தமா. இப்பல்லாம் உள் ரூம்ல இருந்து 'ம்'முன்னு கேக்குது."

நான் எத்தனையோ பிணம் பார்த்தவள், இப்படி ஒன்றைக் கேட்டதில்லை. அவள் பேரை அங்கேயே, அந்தக் குழாயடியில், சத்தமாகச் சொன்னேன். நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவன் தொட்டியைப் பிடித்துக்கொண்டு குனிந்தான். அவனிடமிருந்து ஒரு சத்தம் வந்தது, அழுகிற சத்தம் மாதிரியே இல்லை அது.

அவனைக் கீழே கூட்டி வந்தேன், என்னை ஏற்றிக்கொள்ள வீட்டுக்காரர் எங்கள் வேனோடு நின்றிருந்தார். பின்கதவு திறந்திருந்தது, உள்ளே கீறல் விழுந்த பெட்டி. அவன் நேராக அதனிடம்தான் நடந்தான். ரயில் ஜன்னலில் ஆள் தேடுகிறவன் மாதிரி கண்ணாடியில் கையை வைத்துக் குனிந்து பார்த்தான். கதவை அடைக்கச் சொல்லி வீட்டுக்காரரிடம் கத்தினேன். தம்பி கையிலிருந்த அவன் பைக் சாவியைப் பிடுங்கினேன். ஆட்டோ பிடித்து அவன் கடைக்குப் போனோம். சின்னாளப்பட்டியிலிருந்து அவன் மச்சான், அவளுடைய அண்ணன், வந்து சேருகிற வரைக்கும் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். கம்ப்யூட்டரில் இருந்த அந்தப் படத்தை என் கண் முன்னால் அழிக்க வைத்தேன். அன்றைக்கே மச்சான் அவனை மதுரையில் மனநல டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனார்.

இப்போது மச்சான் வீட்டில் இருக்கிறான், மாத்திரை சாப்பிடுகிறான், கூட்டத்துக்கும் வருகிறான். நான் செய்தது நாகரிகமில்லை என்று சிமெண்ட்காரர் இரண்டு பேரிடம் சொன்னாராம். அவர் நாகரிகத்தை அவரே வைத்துக்கொள்ளட்டும்.

தம்பி கிளம்பும்போது கதவுக்கிட்ட நின்று என்னைத் தேடி, "அக்கா, வாரேன்" என்பான். "ஏன், அக்காகிட்ட மட்டும்தான் சொல்வியா?" என்று மற்றவர்கள் கிண்டல் பண்ணுவார்கள்.

சில வாரம் சொல்லாமல் போய்விடுகிறான். திரும்பிப் பார்ப்பேன், நாற்காலி காலியாக இருக்கும். அன்றைக்கு எனக்குப் பொங்கல் இறங்காது. அப்படியே எழுந்து படியிறங்கி ஓடி, அவன் பைக்குக்கு முன்னால் போய் நிற்பேன். அவன் சொல்லுகிற வரைக்கும் நகர மாட்டேன்.