பந்து பொறுக்காமல் ஓடியவள்: யாங்கோனில் மூன்று நாள்

போன நவம்பரில் மியான்மரின் யாங்கோனுக்குப் போனது சுற்றிப் பார்க்க அல்ல. எங்கள் கல்லூரிப் பெண்கள் கால்பந்து அணிக்கு அங்கிருந்து ஒரு தமிழ்ப் பெண்ணைத் தேர்ந்தெடுக்க. இடம் ஒன்றுதான், படிப்பு, விடுதி, சாப்பாடு எல்லாம் இலவசம். முந்தைய வருடம் ஆட்டத்தை மட்டும் பார்த்து நான் எடுத்த பெண் அணியையே இரண்டாக்கிவிட்டுப் போனாள். "இந்தத் தடவை குணத்தைப் பாருங்க மேடம்" என்று முதல்வர் சொல்லி அனுப்பினார். நானும் சூடு கண்ட பூனை, தலையாட்டினேன்.

சென்னையிலிருந்து பாங்காக் வழியாக, காத்திருப்பும் சேர்த்துப் பதினோரு மணி நேரம். நகரின் லான்மடா பகுதியில் ஒரு விடுதியில் தங்கினேன். மின்சாரம் இருந்தால் லிஃப்ட் ஓடும். என் அறை ஐந்தாம் மாடி. இரண்டு முறைதான் ஓடியது.

மறுநாள் மூன்று மணிக்கு ஆட்டம். உள்ளூர்ப் பயிற்சியாளர் மா சந்திரா, காவேரி, மீனா என்று இரண்டு பேரைக் காட்டினார். (பெயருக்கு முன்னால் 'மா' என்றால் அங்கே அக்கா, 'கோ' என்றால் அண்ணன்.) காவேரி இரண்டு கோல் போட்டாள். இடது காலால் அவள் பந்தைத் திருப்பிய விதத்தைப் பார்த்து, இருபது வருடம் விசில் ஊதிய நான் எழுந்தே நின்றுவிட்டேன். மீனா சுமார்தான், ஆனால் ஓயாமல் ஓடினாள்.

எனக்கு ஒரு பழைய சோதனை உண்டு. ஆட்டம் முடிந்ததும் எதுவும் சொல்லாமல் நிற்பேன். யார் பந்துகளைப் பொறுக்குகிறார்கள் என்று பார்ப்பேன். 4.40க்கு விசில் அடித்ததும் காவேரி பையைத் தூக்கிக்கொண்டு பூட்ஸோடு வெளியே ஓடினாள். ஒரு வணக்கம்கூட இல்லை. மீனா பதினான்கு பந்துகளையும் பொறுக்கி வலையில் கட்டினாள். காவேரி போன விதம் எனக்குச் சுருக்கென்றது. அங்கேயே தேர்வுப் படிவத்தில் மீனா பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மா சந்திரா ஏதோ சொல்ல வாயெடுத்து, "நீங்க சொன்னா சரிதான், ஸயாமா" என்று முடித்துக்கொண்டார். ஸயாமா என்றால் டீச்சர்.

மூன்றாம் நாள், த்வாண்டேயில் மண்பானை பார்க்கலாம் என்று பான்சோடான் துறையிலிருந்து ஃபெரி ஏறினேன். ஆற்றைக் கடக்கப் பத்து நிமிடம். டாலா கரையில், ஆள் சேர்ந்தால் கிளம்பும் மூன்று சக்கர வண்டி. ஓட்டுநர் கோ ராஜு தமிழர். கால்பந்து என்றதும் முகம் மலர்ந்தது.

"நம்ம காவேரியைப் பாத்தீங்களா? த்வாண்டே போற வழியிலதான் அதுக்கு வீடு, தெனம் என் வண்டிதான். இந்தக் கரையிலேருந்து கடைசி வண்டி அஞ்சரைக்கு. விட்டா பதினாறு கிலோமீட்டர் நடக்கணும். நேத்து பூட்ஸைக்கூட கழட்டாம ஓடியாந்துச்சு."

"ஒரு நாள் கொஞ்சம் நிறுத்தி வைக்கக் கூடாதா?"

"நிப்பேன் ஸயாமா. அதுதான் வேணாங்குது, மத்தவங்களுக்குக் கஷ்டமாம். எறங்குறப்ப எல்லார் மூட்டையையும் எறக்கிக் குடுத்துட்டுத்தான் போகும்."

பானை பார்க்கவில்லை. அடுத்த ஃபெரியில் திரும்பி மா சந்திராவிடம் சண்டைக்குப் போனேன். "ஏன் சொல்லல?"

"ஆனாதே, ஸயாமா" என்றார். எதிரில் இருப்பவரைச் சங்கடப்படுத்தக் கூடாது என்ற கூச்சத்துக்கு இங்கே அதுதான் பெயர். "நீங்க தூரத்துலேருந்து வந்தவங்க. கையெழுத்துப் போட்டப்புறம் எப்படி மறுத்துப் பேசறது? சீக்கிரம் போகணும்னு உங்ககிட்ட சொல்ல அந்தப் பொண்ணுக்கும் ஆனாதே."

மீனா வீட்டில் அதற்குள் தெருவுக்கே மொஹிங்கா, அதாவது மீன்குழம்பு நூடுல்ஸ், விருந்து போட்டிருந்தார்கள். கொடுத்ததைப் பிடுங்க எனக்கு மனம் வரவில்லை. அவளும் நல்ல பெண்தான். மீனாவுக்கு முதலில் வாழ்த்துச் சொன்னது காவேரியாம். குணம் பார்க்கப் போன எனக்கு அதைக் கேட்க வெட்கமாக இருந்தது. முதல்வரிடம் இன்னோர் இடம் கேட்டேன், கிடைக்கவில்லை.

போகிறவர்களுக்கு: ஃபெரிக்கு வெளிநாட்டவர் பாஸ்போர்ட் காட்ட வேண்டும். சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். அங்கே யாரும் தாங்களாகக் குறை சொல்ல மாட்டார்கள், நாம்தான் கேட்க வேண்டும். முக்கியமாக, அக்கரையில் கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்று முதலிலேயே கேளுங்கள். உங்களுக்காக மட்டுமல்ல, உங்கள் முன்னால் ஆடுகிற பெண்ணுக்காகவும்.